பகலிலும் பூசலாம்

வானதி வெயிலில் இறங்க மாட்டாள். வாசல் குழாயடிக்குப் போவதென்றாலும் குடையை விரித்துக்கொண்டு போகிற மருமகள் என்று கமலாம்பாள் தெருவில் கேலி பேசுவாள். அந்தக் கேலிக்குள் பெருமையும் இருக்கும். மருமகள் கெமிஸ்ட்ரி படித்தவள், மகன் செந்தில்குமார் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான், நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வெயிலில் நின்று அவள் பார்க்க வேண்டிய வேலை என்று அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. நடந்ததெல்லாம் இந்தச் சௌகரியத்தில் இருந்துதான் தொடங்கியது. வானதியைக் கெட்டவள் என்று சொல்லி முடித்துவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவள் கெட்டவள் இல்லை.

குத்தாலத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊர். வீட்டின் பின்கட்டு அறையில் முகத்துக்குப் பூசும் எண்ணெயும் குளியல் பொடியும் செய்து, ‘பொன்னித்துளி’ என்று பெயர் வைத்து, செல்போன் வழியாக வானதி விற்றுவந்தாள். வாங்குகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். கூடமாட வேலைக்கு அம்சம் வருவாள். இருபத்து மூன்று வயது. காலையில் பருத்தி எடுக்கப் போய்விட்டு, மதியத்துக்கு மேல் குளித்துத் தலைவாரி வந்து பாட்டில் கழுவுவாள், லேபிள் ஒட்டுவாள். லேபிள் ஒட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு சுருக்கம் விழாது, ஒரு நூல் சாயாது. ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் உதடு அசையப் படித்துப் பார்ப்பாள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எல்லா லேபிளிலும் போட்டிருக்கிறதே, அது என்ன என்று ஒருநாள் அவள் கேட்டாள். வாழைக்காயை நறுக்கிச் சும்மா வைத்தால் காற்றுப் பட்டுக் கறுத்துப் போகிறதல்லவா, மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காமல் இருக்கிறதல்லவா என்றாள் வானதி. வெயிலும் புகையும் நம் தோலையும் அப்படித்தான் கெடுக்கின்றன, செடிகொடிகளில் இருக்கிற சில சத்துகள் தோலுக்கு அந்த மோர்த் தண்ணீர் மாதிரி. அம்சத்துக்கு அது நன்றாகப் புரிந்தது. அவளுடைய இரண்டு கன்னத்திலும் பருத்திக் கொல்லை வெயிலில் வாங்கிய கறுப்பு மங்கு இருந்தது. என் மூஞ்சிக்கு ஓர் அண்டா மோர் வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் சிரித்தாலும் விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் ஆனி முதல் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். பட்டுப் பிரிவில், கண்ணாடி முன்னால் நின்று சேலையைத் தோளில் போட்டுக் காட்டுகிற வேலை. அவளுடைய அம்மா ரெத்தினமும் ரெத்தினத்தின் அம்மாவும் குனிந்த தலை நிமிராமல் இந்த ஊர் வயல்களில் உழைத்தவர்கள். அவர்கள் வீட்டில் ஒரு பெண் நிழலில் நின்று சம்பளம் வாங்கப் போவது இதுதான் முதல் தடவை. அதற்குள் கன்னம் தெளிந்தால் போதும் என்று அம்சம் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் வானதி ‘பாகுச்சியால்’ என்ற ஒரு பொருளைப் பற்றிப் படித்தாள். முகச் சுருக்கத்துக்கும் மங்குக்கும் பெரிய கம்பெனிகள் விற்கிற மருந்து வெயிலில் ஒத்துக்கொள்ளாது, இரவில்தான் பூச வேண்டும். பாகுச்சியால் அப்படி இல்லை, செடியிலிருந்து வருவது, நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட், பகலிலும் பூசலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எந்தச் செடி என்று தேடினால் கார்போக அரிசி. நலங்கு மாவில் காலம் காலமாக ஒரு கைப்பிடி சேர்க்கிற விதைதானே அது என்று வானதிக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மயிலாடுதுறையில் மீரா சாகிப் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். இரண்டு கிலோ கேட்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“தோல் வெளுத்த எடத்துல இதைத் தடவிட்டு வெயில்ல காட்டச் சொல்வாங்கம்மா. அந்த எடம் கறுத்து வரும். அதுக்கே கொஞ்சமாத்தான் வாங்குவாங்க. நீங்க எதுக்கு இவ்வளவு கேக்குறீங்க?”

குளியல் பொடிக்கு என்று வானதி சொன்னாள். அவர் சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் வெண்புள்ளிக்காரர்கள் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். கட்டுரைகளில் எழுதியிருந்தது ஆலையில் பிரித்தெடுத்த ஒற்றைப் பொருளைப் பற்றி. விதைக்குள் அது மட்டும் தனியாகக் குடியிருக்கவில்லை. வெயில் பட்டால் தோலைப் பொசுக்குகிற இன்னொன்றும் கூடவே இருந்தது. பட்டம் வாங்கியவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

விதையை இடித்து நல்லெண்ணெயில் மூன்று வாரம் ஊறவைத்து வடிகட்டினாள். யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் தானே பதினைந்து நாள் பூசிப் பார்த்தாள். அந்த நேர்மை அவளிடம் உண்டு. முகம் பளபளவென்று ஆயிற்று. கமலாம்பாளே, என்னடி பூசுகிறாய் என்று கேட்டுவிட்டாள். அந்தப் பதினைந்து நாளும் வானதி வீட்டை விட்டு வெளியே போனது இரண்டே தடவை, இரண்டு தடவையும் குடையோடு. வெயில் படாத முகத்தில் சோதித்துவிட்டு, லேபிளில் ‘பகலிலும் பூசலாம்’ என்று அச்சடித்தாள். அம்சம் அதையும் வாய்க்குள் படித்துவிட்டுத்தான் ஒட்டினாள்.

சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குப் பால்குடம். அம்சம் காப்புக் கட்டியிருந்தாள், வேலை கிடைத்ததற்கு நேர்த்திக்கடன். சனிக்கிழமை சாயங்காலம் வானதி ஒரு பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்து, காலையில் குளித்ததும் இதைப் பூசிவிட்டு அதன்மேல் மஞ்சள் பூசிக்கொள், வெயிலில் முகம் வாடாது என்றாள். விரதத்தில் இதெல்லாம் பூசலாமா என்று அம்சம் தயங்கினாள். எண்ணெய்தானே, தப்பில்லை என்றாள் வானதி. வேறு எந்தக் கணக்கும் இல்லாமல், முழு அன்போடுதான் கொடுத்தாள்.

ஆற்றில் அப்போது மணல்தான். படித்துறையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்துக் குளித்தார்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பிய பால்குடம் தெருத் தெருவாக நின்று கோயிலுக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டாகிவிட்டது. கத்திரி வெயில், காலில் செருப்பு இல்லை, தலையில் குடம், இரண்டு கையும் மேலே. வழியில் கமலாம்பாள் குடம் எடுத்தவர்களின் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். பக்கத்தில் குடை பிடித்து நின்ற வானதி அம்சத்தை ஒரு படம் எடுத்தாள். மஞ்சளும் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து அந்த முகம் மின்னியது. ‘கத்திரி வெயிலிலும் பொன்னித்துளி’ என்று எழுதி அந்தப் படத்தைத் தன் விற்பனைப் பக்கத்தில் போட்டாள். மாலைக்குள் நானூறு பேர் பிடித்திருக்கிறது என்றார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்சம் போன் பண்ணினாள். முகமும் கழுத்தும் தீயாய் எரிகிறது என்றாள். வெயில் பட்டதுதான், அந்த எண்ணெயையே இன்னும் இரண்டு தடவை போடு, ஆறிவிடும் என்று வானதி சொன்னாள். அவளும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் முகம் வீங்கி, கன்னத்திலும் நெற்றியிலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. பால்குடம் எடுத்த இரண்டாம் நாள், கோடைக்காலம், கொப்புளம். அந்த ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா வந்திருக்கிறாள் என்று ரெத்தினம் வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். ஆஸ்பத்திரிப் பேச்சே எழவில்லை. அம்மை போட்ட வீட்டில் ஊசி மருந்து என்று யாராவது சொன்னால் அவர்களை வாசலில் ஏற்ற மாட்டார்கள்.

செய்தி கேட்டு வானதி போனாள். உள்ளே விடவில்லை, சன்னல் வழியாகப் பார்த்தாள். வேப்பிலைப் படுக்கையில் அம்சம் படுத்திருந்தாள். கொப்புளங்கள் முகத்தோடும் கழுத்தோடும் நின்றிருந்தன, இரண்டு உள்ளங்கை ஓரத்திலும் கொஞ்சம். ரவிக்கைக்குக் கீழே ஒன்று கூட இல்லை. வலது கன்னத்திலிருந்து தாடை வழியாகக் கழுத்துவரை வியர்வை வழிந்த தடத்திலேயே ஒரு கோடாகக் கொப்புளம் ஓடியிருந்தது. அம்மை கோடு கிழித்துக்கொண்டு வருமா? வானதி வேகமாகத் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து செல்போனில் விதையின் பெயரையும் வெயிலையும் சேர்த்துத் தேடினாள். முதல் பக்கத்திலேயே எல்லாம் இருந்தது. எரிவது, வீங்குவது, இரண்டாம் நாள் கொப்புளிப்பது, ஆறிய பிறகு மாதக் கணக்கில் கறுத்துக் கிடப்பது, அதுவரை வெயிலே படக்கூடாது என்பது. மீரா சாகிப் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். செருப்பைக்கூடப் போட்டுவிட்டாள். அதற்குள் செந்தில்குமாருக்குப் போன் செய்ததுதான் தப்பாகிவிட்டது. அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, வாயைத் திறக்காதே என்றான். லைசென்ஸ் இல்லாமல் செய்கிற தொழில், போலீஸ் கேஸ் என்று ஆகிவிடும், அவர்கள் தெருவும் நம் தெருவும் ஏற்கெனவே எப்படி இருக்கிறது என்று உனக்கே தெரியும், தானாக ஆறிவிடும், விடு என்றான். வானதி செருப்பைக் கழற்றினாள். படத்தை நீக்கினாள். அம்சத்துக்குப் போன் போட்டு, அம்மா வந்திருக்கும்போது எண்ணெய் ஆகாது, இப்போதைக்குப் போடாதே என்றாள். தன் வாயால் சொல்ல வேண்டியதை மாரியம்மன் தலையில் சுமத்திவிட்டாள். பிறகு உட்கார்ந்து புது லேபிள் அச்சடிக்கக் கொடுத்தாள்: ‘இரவில் மட்டும் பூசவும். பூசிய பின் வெயிலில் செல்லக் கூடாது.’ முகம் தெரியாத சென்னைக்காரிகளை அன்று அவள் காப்பாற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை அம்மைக்கு முதலாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். ரெத்தினம் வேப்பிலை கேட்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் பெரிய வேப்பமரம் வானதி வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது. ரெத்தினத்துக்கு வானதியின் அம்மா வயது, ஆனாலும் வானதி பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். யாரும் அவளுக்கு வேறு மாதிரி சொல்லித் தரவில்லை.

“என்ன ரெத்தினம், எப்படி இருக்கா?”

“கண்ணு தெறக்க முடியலம்மா. ஊர்ல என்னென்னமோ பேசுறாங்க. சுத்தபத்தம் இல்லாம கொடத்தைத் தூக்கிட்டாளாம், அதான் ஆத்தா மூஞ்சியப் பாத்து அடிச்சிட்டாளாம். நானும் கேட்டுட்டேன், ‘தீட்டோட எடுத்தியாடி’ன்னு. இல்லேங்குறா.”

வானதி வாயைத் திறந்தாள். கூடத்தில் கமலாம்பாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திறந்த வாய்க்கு வேறு வேலை கொடுக்க, பார்த்துப் பறிக்கணும், இருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். நல்ல கொழுந்தாகப் பார்த்து நாலு கிளை ஒடித்து ரெத்தினம் கையில் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காலையிலிருந்தே தண்ணீரை வெயிலில் வைத்திருந்தார்கள், அடுப்பில் வைத்துச் சுடவைக்கக் கூடாது. பதினொரு மணிக்கு முற்றத்தில் பலகை போட்டு அம்சத்தை உட்காரவைத்தார்கள். மறைப்பு இல்லாத முற்றம், தலைக்கு நேரே சூரியன். சும்மா ஊற்றிவிட்டு உள்ளே கூட்டிப்போகிற சடங்கு இல்லை. விளக்கேற்றிக் கும்பிட்டு, வேப்பிலையால் தடவி, குடம் குடமாக ஊற்றி முடிய அரை மணி நேரம் ஆனது. வானதி வேலிப் படல் ஓரமாகக் குடையோடு நின்றாள். உள்ளே ஓடிப்போய் அந்தப் பெண்ணின் தலைக்குமேல் குடையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. படலைத் தாண்டவில்லை. தண்ணீர் பட்டபோது அம்சம் கத்தவில்லை, அம்மா அம்மா என்று மட்டும் முனகினாள். எந்த அம்மாவைக் கூப்பிட்டாளோ தெரியாது. வானதி வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். இதே மாதிரி இன்னும் இரண்டு தண்ணீர் ஊற்றினார்கள். அந்த இரண்டு தடவையும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

கொப்புளம் ஆறியது. ஆறிய இடமெல்லாம் கறுத்தது. மங்கு இருந்த இடத்தில் மூன்று மடங்கு கறுப்பு, தாடையில் அந்தக் கோடு, நெற்றியில் திட்டுத் திட்டாக. ஆனி முதல் தேதி அம்சம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினாள் என்றும், முகம் சரியானதும் வா என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் கமலாம்பாள்தான் வந்து சொன்னாள். பாவம் என்றும் சொன்னாள். அம்சம் மறுபடி முழு நாளும் பருத்திக்குப் போக ஆரம்பித்தாள். வானதி வேலைக்குக் கூப்பிடவில்லை. லேபிளைத் தானே ஒட்டிக்கொண்டாள். பொன்னித்துளி நன்றாக விற்றது. முகம் ஜொலிக்கிறது சிஸ்டர் என்று பெங்களூரிலிருந்து எழுதினார்கள். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு வானதி அழுதாள், அழுதுவிட்டுப் பார்சல் கட்டினாள்.

ஆனி இரண்டாம் வாரம், மூன்று மணி இருக்கும், அம்சம் தானாகவே வந்தாள். பின்கட்டு அறை மேடையில் காலி பாட்டிலை வைத்துவிட்டு, துப்பட்டாவை விலக்கினாள். வானதியால் அந்த முகத்தை இரண்டு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

“இன்னொரு பாட்டில் வேணும்க்கா. மூணாந்தண்ணி ஊத்துனதுலேருந்து தெனம் ரெண்டு வேளை போட்டுட்டுத்தான் பருத்திக்குப் போறேன். கறுப்பு கூடிக்கிட்டேதான் போவுது. இன்னும் கொஞ்ச நாள் போடணும்போல.”

போடாதே என்று அன்று சொன்னது அம்மா இறங்கும்வரைக்கும்தான் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? வானதி மேடையை ஒரு துணியால் துடைத்தாள். அதற்குள் அம்சம் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலைத் தானே எடுத்தாள். பழக்க தோஷம், கட்டைவிரலால் லேபிளைத் தடவிப் பார்த்தாள். கோணலாக ஒட்டியிருக்கிறீர்களே என்று சிரித்தாள். பிறகு உதடு அசையப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். தன் காலி பாட்டிலைத் திருப்பி, தன் கையால் சுருக்கம் விழாமல் ஒட்டிய லேபிளையும் படித்தாள். இரண்டையும் மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“இதை எப்பக்கா மாத்துனீங்க?”

இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வானதிக்கு அதற்கும் தெம்பு இல்லை.

“உனக்குக் கொப்புளம் வந்த அன்னைக்கு.”

“அப்ப அது அம்மா இல்ல.”

“இல்ல அம்சம். எண்ணெய்தான்.”

அதற்குப் பிறகு வானதி நிறையப் பேசினாள். தஞ்சாவூரில் தோல் டாக்டர் இருக்கிறார், நாளைக்கே காரில் போகலாம், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்றெல்லாம் சொன்னாள். அம்சம் கேட்டமாதிரித் தெரியவில்லை. கோபப்படவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“எங்கம்மா சாமி படத்து முன்னால நிக்க வச்சு, சூடத்தை அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுச்சுக்கா. பண்ணேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தேதி தப்பா கணக்கு வச்சிருந்தேனோ, குடத்தைத் தூக்குறப்ப மனசுல எதுவும் கெட்டது நெனச்சேனோன்னு. நாப்பது நாளா, பருத்தி எடுக்குறப்ப, படுக்குறப்ப, நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

பிறகு இன்னொன்று மட்டும் கேட்டாள்.

“எங்கம்மாகிட்ட வேப்பிலை ஒடிச்சுக் குடுத்தப்பவும் உங்களுக்குத் தெரியுமா?”

ஆமாம் என்று வானதி தலையை ஆட்டினாள்.

அம்சம் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பிப் போனாள். இரண்டு பாட்டிலும் மேடையிலேயே இருந்தன. வெளியே ஆனி வெயில் தார் ரோட்டில் பட்டுக் கண் கூசியது. வானதி சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அம்சம், இதையாவது பிடிச்சுக்கிட்டுப் போ என்று கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்க்காமல் ரோட்டு நடுவிலேயே நடந்தாள். வானதி கடைசிப் படிவரை இறங்கினாள். அங்கிருந்து வெயில் ஆரம்பித்தது. கை தன்னாலே குடையை விரித்தது, அவள் அதற்குக் கீழேயே நின்றுவிட்டாள்.